எடுக்கவா, வேண்டாமா

பஸ்ஸு இன்னும் முருகன்குறிச்சியே தாண்டல. மணி ஒம்பதே கால். பத்து மணிக்கு என் மகளை இண்டர்வியூக்கு உள்ள கூப்பிட்டுருவான், கூப்பிட்டா பேசணும், பேசுனா பதட்டம் வரும், பதட்டம் வந்தா நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிச்சிரும், அதுக்கு அடிக்கிற பம்பு என் கையில இருக்கு. விஷயம் இவ்வளவுதான். வீட்டுல இருந்து சமாதானபுரம் ஸ்டாப் வரைக்கும் ஓடி வாரப்ப இதையேதான் எனக்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன், சொல்லச் சொல்ல சின்ன விஷயமாப் போயிரும்னு நெனச்சேன், போகல. உள்ளங்கையில நீலக் கலர் பம்பு வேத்து வழுக்குது. பைக்குள்ள போடலாம், போட மனசு வரல, கையில இருந்தாத்தான் கொண்டு போறேன்னு ஒரு தெம்பு. இந்துஜாவுக்கு நாலு வயசுல வந்த வீசிங், இப்ப இருவத்திரெண்டு முடியப் போகுது, பதினெட்டு வருசமா ஒரு சாமானைக் கூடவே வச்சிருக்கவளுக்கு அதைக் கையோட எடுத்துட்டுப் போகணும்னு தெரியாதா. கழுதை மறந்துட்டுப் போயிட்டா. பிரிட்ஜ் மேல வச்சவ மறந்துட்டுப் போயிட்டா. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். ஏழு தடவ போட்டாச்சு, அந்தப் பொம்பளக் குரலும் சலிக்காம அதையேதான் சொல்லுது. உள்ள போறப்ப போனை அணைக்கச் சொல்லியிருப்பாங்க. இல்லாட்டா என் பேரு வரும்னே அணைச்சிருப்பா. ரெண்டுல எதுன்னு தெரியல. ஒரு ஆட்டோ கிடைக்கல, எல்லா ஆட்டோவுலயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பையும் பிதுங்கிக்கிட்டுப் போகுது, வந்தது இந்த டவுண் பஸ்ஸுதான், இது பேட்டைக்குப் போய்ச் சேர முக்கா மணி நேரமாவது ஆகும்.

காலையில சண்டை எதுல ஆரம்பிச்சதுன்னு கேட்டா இட்லியில. ரெண்டு போதும்னா. "தின்னாத் தின்னு, இல்லாட்டாக் கிட, உன்னக் கெஞ்சிக்கிட்டு நிக்க எனக்கு வேற சோலி இல்லியா"ன்னேன். அவ எந்திரிச்சா. "தட்டுல வச்சதைத் திங்காம எந்திரிச்சே, காலை ஒடிச்சிருவேன்"னேன். அவ திரும்ப உக்காந்தா. உக்காந்தவளைப் பாத்ததும் எனக்கு இன்னும் கோவம் வந்தது, "நான் சொன்னாத்தான் உக்காருவியோ, உனக்கா ஒரு இது கிடையாதா"ன்னு கேட்டேன். இப்ப பஸ்ஸுல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன், அந்தப் பிள்ளை என்ன செஞ்சிருக்கணும், நிக்கணுமா, உக்காரணுமா, பாதி எந்திரிச்ச வாக்குல குனிஞ்சே நிக்கணுமா. அவ ஒண்ணும் சொல்லல. அவ சொல்லவே மாட்டா. சின்னப் பிள்ளையில எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேப்பா, "பதிலுக்குப் பதில் பேசாத, வாயில சூடு வச்சிருவேன்"னு சொல்லிச் சொல்லி அடக்குனேன். அடங்குனா. பதினஞ்சு வயசுல இருந்து அவ அடங்கித்தான் கிடக்கா. அடங்குனதும், "நான் பாட்டுக்கு நாய் மாதிரிக் கத்துதேன், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, பதில் சொல்லுட்டி"ன்னு கேக்க ஆரம்பிச்சேன். நிமிந்து பாத்தா முறைக்கா, குனிஞ்சா கள்ளத்தனம். அழுதா நடிப்பு, அழாட்டா கல்லு. எல்லா வீட்டுலயும் இதான் நடக்குது, எங்கம்மா என்னையும் இப்படித்தான் ஏசுவா, நான் என்ன செத்தா போயிட்டேன். செத்துங்கிற வார்த்தை எதுக்கு இப்ப வருது. தூ.

கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழிச்சிக் குடுத்தான், வாங்குததுக்கு பம்பை இடது கைக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. பக்கத்துல உக்காந்திருக்கவ மடியில ஒரு குட்டிப் பிள்ளை, நாலு வயசு இருக்கும், ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருக்கு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு ஏதோ பாட்டுப் படிச்சிக்கிட்டு வந்தது. "கத்தாத, எல்லாரும் பாக்காங்க, வாயை மூடு"ன்னா அவ அம்மா. பிள்ளை மூடிட்டு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, என்னையப் பாத்துச் சிரிச்சிட்டு, "அத்தைக்கு அந்த ரைம்ஸ் சொல்லிக் காட்டு பாப்பம்"னு சொல்லுதா. பிள்ளை அம்மா மூஞ்சியப் பாக்கு, என் மூஞ்சியப் பாக்கு, வாயைத் திறக்கல. "வீட்டுல காது கிழியக் கத்துவா அக்கா, வெளிய வந்தா ஊமை"ன்னு என்கிட்டச் சொல்லுதா. எனக்குச் சிரிக்கணும்னு தோணல. அவ கையைப் பிடிச்சி ஒரு வார்த்தை சொல்லிருவமான்னு இருந்தது, என்ன சொல்ல, நான் யாரு சொல்லுததுக்கு. நல்லபடியா இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு மூச்சு நல்லா இருக்கு, அது போதும். இந்து இந்த வயசுல ராத்திரி பூரா என் தோள்ல உக்காந்த வாக்குல தூங்குவா, படுக்க வச்சா இழுக்கும். அவுக அப்பா தூத்துக்குடி ஹார்பர்ல, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறவுக, பிள்ளைய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தது நான்தான். அவ நெஞ்சுல காதை வச்சிக் கேட்டா உள்ள பூனைக்குட்டி கத்துத மாதிரி இருக்கும். அப்ப நான் அவளை ஏசுனதே இல்ல. ஏசுததுக்கு ரெண்டு பேருக்கும் தெம்பு இருக்காது.

வேலை விஷயத்தை எடுத்துக்கோ. படிப்பு முடிஞ்சி ஆறு மாசம் வீட்டுல இருந்தா. "ஊருல உள்ள பிள்ளைக எல்லாம் சம்பாதிச்சி அம்மையையும் அப்பனையும் தாங்குது, நீ போன நோண்டிக்கிட்டுக் கிட"ன்னு ஒரு நாள் விடாமச் சொன்னேன். எதிர்வீட்டு மேரி மகள் கதையச் சொன்னேன், பின்வளவு செல்லம்மா மகள் பெங்களூர் போன கதையச் சொன்னேன். கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் இங்க பேட்டை காலேஜுல வந்து ஆள் எடுக்கான்னு அவ வந்து சொன்னப்ப, "வயசுப் பிள்ளை கண்காணாத ஊருல போயி என்ன வேலை வேண்டிக் கிடக்கு"ன்னேன். "மேரி அத்தை மகள் போயிருக்காளே"ன்னு ஒரே ஒரு தடவ வாயைத் திறந்தா. "ஊருல எவளோ கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா"ன்னு கேட்டேன். சூடாக் கேட்டதா எனக்கே ஒரு பெருமை. அவ ஃபைலை எடுத்து மடியில வச்சிக்கிட்டு, ஒவ்வொரு பேப்பராச் சரி பாத்துக்கிட்டு இருந்தா. "உனக்கென்ன தெரியும், நீ சின்னப் பிள்ளை"ன்னு முந்தாநாள் சொன்னேன். நேத்து, "ஏழு கழுதை வயசாச்சி, இன்னும் புத்தி இல்ல"ன்னேன். ஒரு நாள் இடைவெளியில ஒரு பிள்ளைக்கு எத்தனை வயசு. பஸ்ஸு வண்ணார்பேட்டைக்கு வந்துட்டு, ஆளு ஏறுது, இறங்கத்தான் மாட்டேங்குது. மணி ஒம்பது முப்பத்திமூணு.

இந்தப் பம்பு விஷயத்துல நான் செஞ்சது வேற. டாக்டர் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு, எங்க போனாலும் பையில இருக்கணும், கூச்சப்படக் கூடாது, பழகிருமோன்னு பயப்படக் கூடாதுன்னு. தலையத் தலைய ஆட்டிட்டு வந்தேன். வந்து, "பம்பு இல்லாம வாசப்படி இறங்காத"ன்னும் சொன்னேன், "எப்பப் பாத்தாலும் அதை வாயில வச்சிக்கிட்டு நிக்காத, பாக்குதவன் சீக்காளிம்பான், நாளைக்கு எவன் கட்டுவான்"னும் சொன்னேன். ரெண்டும் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன், சத்தியமா அவ நல்லதுக்குத்தான். சித்திரையில அம்பாசமுத்திரத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. வீட்டைக் கழுவி விட்டு, கோலம் போட்டு, நல்ல காரியமாச்சேன்னு மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டேன். போடக்கூடாதுன்னு தெரியாதா, அவளுக்குப் புகை ஆகாதுன்னு தெரியாதா, தெரியும், வாரவங்க மூக்குக்கு வீடு வீடா இருக்கணும்லா. பம்பை எடுத்து பிரிட்ஜ் மேல பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால வச்சேன். "அவங்க போற வரைக்கும் இதைத் தொடக் கூடாது, அவங்க முன்னால சும்மா வாயத் திறந்து பேசவும் கூடாது"ன்னேன். காப்பித் தட்டோட வந்தா, உக்காரச் சொன்னாங்க, உக்காந்தா. முக்கா மணி நேரம் உக்காந்திருந்தா. சேலைக்கு மேல அவ கழுத்துக்குழி உள்ள போயி உள்ள போயி வந்ததை நான் பாத்தேன். மாப்பிள்ளையோட அம்மா, "பொண்ணு ரொம்ப அமைதி, இந்தக் காலத்துல இப்படிப் பிள்ளை கிடைக்குமா"ன்னா. எனக்கு உச்சி குளுந்து போச்சு. அவங்க கார் திரும்புனதும் இவ பிரிட்ஜ்கிட்ட ஓடுனா, நாலு தடவ அடிச்சா, சுவத்துல சாஞ்சி அப்படியே தரையில உக்காந்தா. நான் என்ன கேட்டேன். "கேட்ட கேள்விக்கு நாலு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா, ஊமைன்னுல்லா நெனச்சிருப்பாங்க"ன்னு கேட்டேன். சொல்லி அனுப்புதோம்னு போனவங்க சொல்லி அனுப்பல. அதுக்கும் அவளைத்தான் ஏசுனேன்.

கொக்கிரகுளத்துல வண்டி நின்னது நின்னதுதான். ஆத்துப் பாலத்துல ஏதோ லாரி மல்லாந்து கிடக்காம்னு டிரைவர்கிட்ட ஒருத்தன் சொல்லுதான், இன்னொருத்தன் அதெல்லாம் இல்ல, மந்திரி வாராருங்கான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இறங்கி நடந்தா ஜங்ஷன் வரைக்கும் போயிரலாம், அங்க இருந்து வேற வண்டி. இறங்குனதும் இந்த பஸ்ஸு கிளம்பிட்டா. இறங்கவா, வேண்டாமா. மணி ஒம்பது நாப்பத்திரெண்டு. அவ ஏறுன பஸ்ஸு எட்டே முக்காலுக்கே பாலத்தைத் தாண்டியிருக்கும், அவ காலேஜுக்குப் போயி அரை மணி நேரம் ஆகியிருக்கும், காலேஜ் கட்டடத்துல தூசி இருக்குமோ, ஏசி போட்டிருப்பானோ, ஏசி அவளுக்கு ஆகாது, பக்கத்துல எவளாவது சென்ட் அடிச்சிட்டு வந்து உக்காந்திருப்பாளோ. கேட்டா ஒரு பம்பு எங்கயாவது கிடைக்கும், மருந்துக் கடை இருக்கும். இவ கேக்க மாட்டாளே. இவளை யாருகிட்டயும் எதையும் கேக்காத பிள்ளையா வளத்து வச்சிருக்கேனே. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்"னு அதுக்கும் ஒரு பழமொழி சொல்லி ஏசியிருக்கேன். எதை விட்டேன், எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு என்கிட்ட, எந்தப் பக்கம் திரும்புனாலும் அடிக்கதுக்கு ஒரு பழமொழி இருக்கு. மறந்துட்டுப் போயிட்டா, அதான். எல்லாரும் மறக்கதுதான். கண்ணாடிய மறக்காங்க, சாவிய மறக்காங்க.

மறக்கல. இந்தா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு யாரை ஏமாத்துதேன், பக்கத்துல உள்ள பிள்ளைக்குக் கூட நான் சொல்லுதது கேக்கப் போறதில்ல. அவ மறக்கல. எட்டு மணிக்கு ஃபைலு, தண்ணி பாட்டில், பம்பு மூணையும் வரிசையா எடுத்துப் பையில வச்சா. நான்தான் அடுப்படியில இருந்து பாத்தேன். "பேசிக்கிட்டு இருக்கப்ப அவன் முன்னால இதை எடுத்து வாயில வச்சா வேலை குடுத்துருவானாக்கும்"னேன். இந்தக் கோயம்புத்தூர் வேலையே வேண்டாங்குற எனக்கு, அவளுக்கு வேலை கிடைச்சா என்ன, கிடைக்காட்டா என்ன, எதுக்கு அதைச் சொன்னேன். சொல்ல ஒண்ணு இருந்தது, சொன்னேன். அவ பையில இருந்து பம்பை வெளிய எடுத்தா. கையில வச்சிக்கிட்டு, "எடுக்கவா, வேண்டாமா"ன்னு கேட்டா. கோவமாக் கேக்கல. ரோட்டுல வழி கேக்கவன் கேக்க மாதிரிக் கேட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். "எல்லாத்தையும் நானே சொல்லணுமா, உனக்கா அறிவு கிடையாதா"ன்னேன். நேத்துச் சாயங்காலம்தான், "நீயா முடிவெடுக்க நீ யாருட்டி"ன்னு கேட்டிருக்கேன். அவ பம்பை பிரிட்ஜ் மேல வச்சா. செருப்பை மாட்டுனா. "போறேன்"னா. "போறேன்னு சொல்லாதட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லு"ன்னு அதுக்கு ஒரு திருத்தம். அவ திருத்திச் சொல்லல, படி இறங்கிட்டா.

அப்ப நான் கூப்பிட்டிருக்கணும். பம்பைக் கையில எடுத்துட்டேன், ஜன்னலுக்கு வந்துட்டேன், வாய் வரைக்கும் பேரு வந்துட்டு. ஒரு காரியமாப் போறவளைப் பின்னால இருந்து கூப்பிடக் கூடாது, போற காரியம் விளங்காதுன்னு நிறுத்திக்கிட்டேன். இதைத்தான் வீட்டுல இருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாரேன். பெரியவங்க சொன்ன சாத்திரம், நான் என்ன செய்ய. ஆனா பஸ்ஸு நகராம நிக்கப்ப இந்தப் பேச்சும் நகர மாட்டேங்குது, ஒரே இடத்துல நின்னு என்னையப் பாக்குது. சாத்திரம் பாக்கவ ஓடிப் போயி முன்னால நின்னு குடுத்திருக்கலாம்லா. பத்து எட்டு. நைட்டியோட போனா என்ன, தெரு என்னைய நைட்டியோட பாத்ததே இல்லியா. நான் கூப்பிடாததுக்கு சாத்திரம் காரணம் இல்ல. போகட்டும்னு நெனச்சேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போவா, பயம் வரும், திரும்பி வருவா, வந்து "எம்மா, பம்பு"ன்னு கையை நீட்டுவா, அப்பக் குடுக்கலாம், குடுக்கப்ப நாலு வார்த்தை சொல்லலாம், அம்மை வேணும்லாட்டி இப்பன்னு கேக்கலாம்னு நெனச்சேன். என்ன சொல்லணும்னு வார்த்தை கூட யோசிச்சி வச்சிட்டேன். எட்டே காலுல இருந்து ஒம்பது மணி வரைக்கும் அந்த வார்த்தையோடயே உக்காந்திருந்தேன். இடையில ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தச்சேன். கொக்கி தச்சேன் நான். பெத்த பிள்ளை மூச்சில்லாம போறப்ப, தோத்துத் திரும்பி வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவ வரல. என்னைய மாதிரியே அவளுக்கும் வீம்பு இருக்கும்னு எனக்குத் தோணல. பக்கத்துல இருக்கவ, "அக்கா, வேர்த்துக் கொட்டுதே, தண்ணி குடிக்கியளா"ன்னு பாட்டிலை நீட்டுதா, வேண்டாம்னு தலையாட்டினேன்.

வண்டி நகந்துட்டு. பாலம் ஏறுது. ஆத்துல தண்ணி கிடக்கு, துணி தொவைக்கிறவங்க கிடக்காங்க, உலகம் அது பாட்டுக்கு இருக்கு. லாரியும் இல்ல, மந்திரியும் இல்ல, ஒரு மாடு குறுக்க நின்னிருக்கு. ஜங்ஷன்ல அந்தப் பிள்ளையும் அம்மாவும் இறங்குனாங்க, "அத்தைக்கு டாட்டா சொல்லு"ன்னா, பிள்ளை சொல்லல, முதுகுல ஒரு தட்டு தட்டிக் கூட்டிட்டுப் போனா. மேம்பாலம் ஏறி இறங்கி டவுண் ஆர்ச்சுல மறுபடி நெருக்கம். மணி பத்து அஞ்சு. நெல்லையப்பா, காந்திமதித் தாயி, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன், அவ கோயம்புத்தூர் போகட்டும், அமெரிக்கா போகட்டும், யாரையும் கட்டட்டும், கட்டாம இருக்கட்டும், எல்லார் முன்னாலயும் அந்தப் பம்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியட்டும். வேண்டிக்கிடப்பவே தெரியுது, இந்த வேண்டுதலை நான் நிறைவேத்த மாட்டேன்னு. அவ நல்லா இருக்கான்னு கண்ணால பாத்ததும் முதல்ல நான் கேக்கப் போறது, "போனை எதுக்குட்டி அணைச்சி வச்ச"ங்கிறதாத்தான் இருக்கும். என் வாய் எனக்குத் தெரியும். அதுக்கு மேலயும் வேண்டிக்கிட்டேன்.

பேட்டையில இறங்கி காலேஜுக்கு ஓடுனேன். வாசல்ல வாட்ச்மேன், வயசாளி, நோட்டுல பேரு எழுதச் சொன்னாரு. "அண்ணாச்சி, என் மகள் உள்ள இண்டர்வியூக்கு வந்திருக்கா, அவளுக்கு வீசிங், மருந்தை வீட்டுல வச்சிட்டு வந்துட்டா"ன்னேன். வச்சிட்டு வந்துட்டான்னுதான் அவருகிட்டயும் சொன்னேன். அவரு நோட்டை மூடிட்டாரு. "பச்சைச் சுடிதார் பிள்ளையா"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "போங்கம்மா, வலது பக்கம் ரெண்டாவது ரூம், ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு"ன்னாரு. ஓடுனேன். வராண்டா முழுக்க புதுப் பெயின்ட் வாசம், எனக்கே மூக்கை அடைக்குது. பிள்ளைக ஃபைலும் கையுமா வரிசையா உக்காந்திருக்கு, நான் ஓடுததைப் பாக்கு. ரூமுக்குள்ள ஏழெட்டுப் பேரு நிக்காங்க. நடுவுல பிளாஸ்டிக் சேருல என் பிள்ளை, முழங்காலுல ரெண்டு கையையும் ஊணிக் குனிஞ்சி உக்காந்திருக்கா, தோள்பட்டை காது வரைக்கும் ஏறி ஏறி இறங்குது. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு. கழுத்துல அட்டை மாட்டுன ஒரு பொண்ணு, கம்பெனிக்காரி போல, பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து அவ கையைப் பிடிச்சிருக்கா.

"இந்து, இந்தாட்டி"ன்னு பம்பை நீட்டுனேன். வாங்கிக்கிட்டா. வாங்குனவ வாயில வைக்கல. தலையத் தூக்கி, சுத்தி நிக்கிற ஆளுகளை ஒவ்வொருத்தரா ஒரு தடவ பாத்தா. பாத்துட்டு, சேருல இருந்து எந்திரிக்கப் பாத்தா, முடியல, சேரோட அப்படியே நகந்து சுவத்துப் பக்கம் திரும்புனா. துப்பட்டாவை இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு, அதுக்குள்ள வச்சி அடிச்சா. மூச்சு நிக்கப் போற பிள்ளை, யாரு கண்ணுலயும் படாம இருக்க அவ்வளவு பாடுபட்டா. கம்பெனிக்காரி, "எதுக்கும்மா மூடுறீங்க, காத்து வரட்டும்"னு துப்பட்டாவை எடுத்து விடப் பாத்தா, இவ விடல, பல்லால கடிச்சிக்கிட்டா. "இங்கிட்டுத் திரும்புட்டி, யாரு பாத்தா என்ன"ன்னு நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். ரெண்டு, மூணு, நாலு, ஆறு தடவ அடிச்சா. அடங்க மாட்டேங்குது. நேரம் கழிச்சி அடிச்சா அப்படித்தான், உள்ள போறதுக்கு வழி இருக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவ முதுகைத் தடவுனேன். தடவுத கைக்குள்ள அவ உடம்பு விறைச்சிக்கிட்டது. ஒவ்வொரு வார்த்தையாப் பிச்சிப் பிச்சிச் சொன்னா. "தெரு முக்குல. நின்னேம்மா. ரெண்டு நிமிஷம். நீ ஜன்னல்ல. நின்ன. பாத்தேன்."

எனக்குச் சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. ஆமாட்டி, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நீ தோத்து வரட்டும்னு இருந்தேன், என்னைய மன்னிச்சிரு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பேசாத, பேசுனா மூச்சு வாங்கும்"னு வந்தது. அவ பேச்சை நிறுத்திட்டா, சுவத்தைப் பாத்துக்கிட்டா. வராண்டாவுல யாரோ நாப்பத்திநாலு, நாப்பத்தஞ்சுன்னு நம்பர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவ நம்பர் என்னன்னு எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்ல.

ஆம்புலன்ஸ் வந்தது. ரெண்டு பையன்க ஸ்ட்ரெச்சரோட வந்து, மாஸ்க்கை மாட்டி, சாய்வா உக்கார வச்சி வெளிய கொண்டு போனாங்க. விரல்ல ஒரு கிளிப்பை மாட்டிப் பாத்துட்டு ஒருத்தன் மத்தவனை ஒரு பார்வை பாத்தான், எனக்கு அது புரிஞ்சது. கம்பெனிக்காரி இன்னும் அவ கையை விடல, கூடவே ஓடுதா. வண்டிக்கிட்ட வந்ததும், "கூட ஒருத்தர்தான் ஏறலாம், யாரு வாறீங்க"ன்னு கேட்டான். நான் படியில ஒரு காலை வச்சிட்டேன். "நீங்க யாரு"ன்னான். "பெத்த அம்மை, தம்பி"ன்னேன். சரின்னு தள்ளி வழிவிட்டான், அப்ப உள்ள இருந்து இவ கையை ஆட்டுனா. அவன் குனிஞ்சி, "என்னக்கா, அம்மா வரட்டுமா"ன்னு கேட்டான். மாஸ்க்குக்குள்ள இருந்தே என்னைய நேராப் பாத்து, வேண்டாம்னு தலைய ஆட்டுனா. கம்பெனிக்காரியோட மணிக்கட்டைப் பிடிச்சி உள்ள இழுத்தா, பேரு கூடத் தெரியாத பொண்ணு. "மூச்சு முட்டுதுல்லா தம்பி, என்ன ஏதுன்னு புரியாம ஆட்டுதா"ன்னேன். "காதுல விழுந்திருக்காது. திருப்பிக் கேளுங்க"ன்னேன். அவன் நல்ல பையன், அவசரத்துலயும் குனிஞ்சி, நிதானமா, சத்தமாத் திருப்பிக் கேட்டான். அவளும் முன்ன சொன்னதையேதான் திருப்பிச் சொன்னா.